ஆர்ட்கீல் பிரபுவின் கடைசி வாரிசு

ஃபஹாஹீல், குவைத்
14 மே 2006

அருமை மகன் முஆதுக்கு,

ஸலாம். நலம் விசாரிப்பதையெல்லாம் வெள்ளிக்கிழமை போனில் உன் லாத்தா, என் மூத்தவள் பாஹிமா முடித்துவிட்டாள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ இருபது நிமிடம் பேசினாய். நான் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். லைன் சரியில்லை என்று நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. போனில் உன்னைப் பிடிக்க முடியாது; ஒரு கேள்வி கேட்டால் மூன்று செய்தி சொல்லி நழுவிவிடுவாய். காகிதத்தில் நழுவினால் தடம் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

நீ சொன்னதை வரிசைப்படுத்துகிறேன். உன் தங்கை நஸீஹாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. ஜெபல் அலியில் உன் கிடங்குக்குப் பக்கத்தில், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். அயர்லாந்துக்காரர், முப்பத்துநாலு வயது. மூன்று வருடம் முன்பு இஸ்லாத்தைத் தழுவி யூசுஃப் என்று பெயர் வைத்துக்கொண்டவர். இவ்வளவையும் சத்தமாகச் சொன்னாய். கடைசியில், கடைக்காரன் மேஜைக்கு அடியிலிருந்து சரக்கை எடுத்துக் காட்டுவதுபோல, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாய்: அவர் ஆர்ட்கீல் பிரபுக்களின் வாரிசு.

ஆர்ட்கீல் என்ற பெயரை உங்கள் மூவருக்கும் சொன்னவளே நான்தான். தூத்துக்குடி கான்வென்டில் பத்து வருடம் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மதர் அட்ராக்டா பிறந்த வீடு அது. அயர்லாந்தில் எத்தனையோ வீடுகள் இருக்க, அந்த ஒரு வீட்டின் வாரிசு ஜெபல் அலிக்கு வந்து என் மகளைப் பெண் கேட்கிறார். அல்லாஹ்வின் ஆற்றலில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த மனிதர்மேல் இருக்கிறது. நஸீஹா பேச்சுவாக்கில் மதரின் கதையைச் சொல்லியிருப்பாள். அவர் அதை எடுத்துச் சட்டைபோல மாட்டிக்கொண்டிருப்பார். துபாயில் இப்போது யார் வேண்டுமானாலும் யாராகவும் இருக்கலாம் என்று கேள்விப்படுகிறேன்.

நஸீஹா என்னிடம் போனில் சொன்னது ஒன்றே ஒன்று. "உம்மா, வாப்பா இல்லாத இடத்துல முஆத் காக்கா பொறுப்பா நின்னு நிக்காஹை முடிச்சுவைக்கலாம். ஆனா நீங்க வாயைத் திறந்து சரின்னு சொல்லாம நான் உட்கார மாட்டேன்."

ஆகவே என் ஒரு சொல்லில்தான் இது நிற்கிறது. அந்தச் சொல்லை நான் விசாரிக்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. அவர் என்ன வேலை பார்க்கிறார், தகப்பன் யார், தாய் யார், பட்டம் யார் வழியாக வந்தது என்பதை எழுது. படமும் அனுப்பு.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்

ஜெபல் அலி, துபாய்
25 மே 2006

அன்புள்ள உம்மாவுக்கு,

ஸலாம். மகனுக்குக் கடிதம் எழுதி முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைக்கிற உம்மா இந்த வளைகுடாவிலேயே நீங்க ஒருத்தர்தான். கஸ்டம்ஸ் நோட்டீஸ்னு நினைச்சுப் பயந்துட்டேன்.

உம்மா, நஸீஹாவுக்கு முப்பத்தொரு வயசு. இதுவரைக்கும் பதினோரு மாப்பிள்ளைகளை நீங்க திருப்பி அனுப்பியாச்சு. ஒருத்தரோட பாட்டனார் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார்னு. ஒருத்தர் வீட்டுப் பெண்கள் பெரியவங்க முன்னாடி சத்தமாச் சிரிச்சாங்கன்னு. கௌஸ் முகைதீன் மாமாவோட மகனை, அவன் கடிதத்தில் தேதி போடலைன்னு! அவன் இப்ப தோஹாவில் மூணு பிள்ளைகளோட நல்லா இருக்கான். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தேதி இருக்கு.

யூசுஃப் நல்ல மனுஷன். தொழுகை தவறாது. வெள்ளிக்கிழமை நம்ம ஃபிளாட்டுக்குத்தான் சாப்பிட வருவார். மாசிக் கருவாடு போட்டுக் கொடுத்தாலும் கண்ணில் தண்ணியோட சாப்பிடுவார், வேணாம்னு சொல்ல மாட்டார். நஸீஹாவைப் பார்த்தது அவ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில். கையில் போட்ட தையலைப் பிரிக்க வந்திருக்கார். மருந்து கவுண்டரில் நம்ம ஆள், "மாத்திரையைப் பாதியில நிறுத்தினா திரும்பி இங்கதான் வருவீங்க"ன்னு அதட்டியிருக்கா. அவர் வேணும்னே நிறுத்திட்டுத் திரும்பி வந்தார். மூணு தடவை.

துறைமுகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கார். பட்டத்தைப் பத்தி அவரிடம் நேரா எதுவும் கேட்காதீங்க, ரொம்பக் கூச்சப்படுவார். நஸீஹாவிடமும் போனில் அதைப் பேச வேண்டாம். அவளுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. வேணுங்கிறதை என்னிடம் கேளுங்க, நான் விசாரிச்சு எழுதுறேன்.

படம் வச்சிருக்கேன். இங்கே புழுக்கம் ஆரம்பிச்சாச்சு. கண்டெய்னரைத் திறந்தா அடுப்பைத் திறந்த மாதிரி. துஆ செய்யுங்க.

முஆத்

ஃபஹாஹீல்
5 ஜூன் 2006

முஆத்,

உன் கடிதம் பத்து நாளில் வந்தது. உன் மச்சான், பாஹிமாவின் மாப்பிள்ளை கலீலுர் ரஹ்மானின் கம்பெனித் தபால் பெட்டிக்கு வந்து, அவர் கையால் என்னிடம் சேர்ந்தது. உறை பிரிக்கப்படவில்லை என்று சரிபார்த்துக்கொண்டேன்.

நான் நான்கு கேள்வி கேட்டிருந்தேன். நீ தேதியைப் பற்றி வேடிக்கை பேசியிருக்கிறாய். "பெரிய பொறுப்பு" என்பது ஒரு வேலையின் பெயர் அல்ல. பெரிய பொறுப்பில் இருப்பவருக்குக் கையில் தையல் ஏன் வருகிறது? நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகம் நல்ல முகம், ஒப்புக்கொள்கிறேன். வலது கையில் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை தழும்பு. நகக்கண்ணில் கறுப்பு. அது பேனா பிடிக்கும் கை அல்ல, ஸ்பேனர் பிடிக்கும் கை.

அவரிடமும் கேட்காதே, இவளிடமும் கேட்காதே என்கிறாய். அப்படிச் சொல்பவனைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இனி ஆர்ட்கீல் விஷயம். நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். 1703இல் ஹ்யூ என்பவர் இங்கிலாந்து ராணியின் குதிரைப் படைக்கு ஓட்ஸ் விற்று, அதற்குப் பரிசாக வைகவுண்ட் ஆர்ட்கீல் என்ற பிரபு பட்டத்தைப் பெற்றார். "என் குலப்பெருமை குதிரைத் தீனியில் முளைத்தது, பிள்ளைகளே" என்று மதர் சிரிப்பார். அந்தப் பட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள். இரண்டாமவர் ஏரிக்கரையில் மாளிகை கட்டினார். நான்காமவர் பஞ்ச காலத்தில் குடியானவர்களைக் குடிசைகளிலிருந்து விரட்டினார். அவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆறாமவர் ஜெரால்டு, மதரின் ஒரே தம்பி. 1919இல், இருபத்தாறு வயதில், கல்யாணம் ஆகாமல், அந்த ஏரியில் படகு கவிழ்ந்து இறந்தார். பட்டம் ஆணிடமிருந்து ஆணுக்கு மட்டுமே போகும் என்று ராணியின் பத்திரத்தில் எழுதியிருந்தது. வேறு ஆண் இல்லை. பட்டம் அன்றோடு முடிந்தது. மாளிகை ஏலம் போனது. மதர் கன்னியாஸ்திரியாகிக் கப்பலேறினார்.

முடிந்துபோன பட்டத்துக்கு எண்பத்தேழு வருடம் கழித்து ஜெபல் அலியில் எப்படி ஒரு வாரிசு முளைக்கிறார்? வம்சாவளியை எழுத்தில் வாங்கி அனுப்பு. பெயர், பிறந்த வருடம், யாருக்கு யார் என்ன உறவு. ஒன்று விட்டாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்

ஜெபல் அலி
20 ஜூன் 2006

அன்புள்ள உம்மாவுக்கு,

ஸலாம். நீங்க கேட்ட வம்சாவளி இத்துடன் இருக்கு. டைப் செய்து, மேலே அவங்க குடும்பச் சின்னத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். சுருக்கமா இங்கேயும் எழுதுறேன்.

ஜெரால்டு பிரபு கல்யாணம் ஆகாதவர்னு வெளியே எல்லாரும் நினைச்சாங்க. ஆனா அவர் ஊர் அறியாம ஒரு ஆசிரியையைக் கல்யாணம் பண்ணியிருந்தார். அந்தப் படகில் அவர்கூட இரண்டு வயசுப் பெண் குழந்தையும் இருந்துச்சு. படகு கவிழ்ந்தப்ப குழந்தையோட கம்பளிச் சால்வை ஒரு முள்மரத்துக் கிளையில் மாட்டிக்கிச்சு. விடியும்போது மீன்பிடிக்க வந்த குடும்பம் எடுத்து, தங்கள் பிள்ளையா வளர்த்தாங்க. அந்தக் குழந்தைதான் யூசுஃபோட பாட்டி. பாட்டியோட மகள் யூசுஃபோட அம்மா. ஆக, வாரிசு யூசுஃப். நேர் வழி, உம்மா. சுத்தமான வழி.

வேலையைப் பத்திக் கேட்டிருந்தீங்க. கிரேன் பிரிவில் இருக்கார். துறைமுகத்தில் கிரேன் நின்னா எல்லாமே நின்னுடும். அதைத்தான் பெரிய பொறுப்புன்னு எழுதினேன்.

இப்ப நான் ஒண்ணு கேட்கலாமா? பாஹிமா லாத்தா போனில் சொன்னா. உங்க மாடியில் இருக்கிற ஆபிதா மாமியிடம், "பிரபு குடும்பத்துச் சம்பந்தம் ஒண்ணு வந்திருக்கு, பார்க்கலாம்"னு நீங்களே சொன்னீங்களாம். மாமி அன்னைக்கே ஃபஹாஹீல் முழுக்க டிக்கெட் இல்லாமச் சுத்தி வந்துட்டாங்களாம். இவ்வளவு சந்தேகப்படுறவங்க எதுக்கு ஊரில் சொல்லணும்? மனசுக்குள்ள சரின்னு வச்சுக்கிட்டு என்னை மட்டும் வாட்டுறீங்களோன்னு தோணுது.

செப்டம்பர் 15 வெள்ளிக்கிழமை. நோன்புக்கு முன்னாடி அதுதான் நல்ல நாள். ஹாலுக்குச் சொல்லி வச்சிருக்கேன். உங்க ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கோம்.

முஆத்

ஃபஹாஹீல்
29 ஜூன் 2006

முஆத்,

ஆபிதாவிடம் சொன்னது நான். அதற்குப் பொறுப்பும் நான். அதைப் பற்றி உன்னிடம் விவாதிக்க மாட்டேன்.

எப்போதிலிருந்து கடிதத்தையும் எனக்கு டைப் செய்து அனுப்புகிறாய்? உன் கையெழுத்து எனக்குத் தெரியும். பொய் எழுதும்போது உன் வரிகள் கீழ்நோக்கிச் சரியும். பள்ளிக்கூட லீவு லெட்டர்களிலேயே பார்த்திருக்கிறேன். இயந்திரத்தில் வரி சரியாது என்று உனக்கும் தெரியும்போல.

இந்தக் கடிதத்தில் இரண்டே விஷயம்.

ஒன்று. படகில் இருந்த பெண் குழந்தை, முள்மரம், சால்வை. இதை உன்னிடம் சொன்னது யார்? யூசுஃப் தன் வாயால் சொன்னாரா? எந்த நாள், எந்த இடம்? யோசித்து எழுது.

இரண்டு. யூசுஃப் தன் தாயைப் பற்றி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் தன் கையால் எனக்கு எழுத வேண்டும். தாயைப் பற்றி மட்டும் போதும். பட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. உறையை அவரே ஒட்ட வேண்டும். நீ பிரிக்கக் கூடாது. பிரித்தால் எனக்குத் தெரியும்.

இந்த இரண்டும் வரும்வரை ஹால்காரருக்கு எந்த உறுதியும் கொடுக்காதே.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்

ஜெபல் அலி
12 ஜூலை 2006

அன்புள்ள உம்மாவுக்கு,

ஸலாம். பதில் எழுதத் தாமதம். கிடங்கில் ஸ்டாக் எடுக்கிற வேலை, ராத்திரி பகல் தெரியல.

குழந்தை விஷயம் யூசுஃப்தான் சொன்னார். நாள் சரியா ஞாபகமில்லை. கடற்கரைப் பக்கம் நடந்துக்கிட்டிருந்தோம். அவங்க அம்மா சொல்லி அழுவாங்களாம். சொல்லும்போது அவருக்கும் கண்ணு கலங்கிடுச்சு. அதுக்கு மேல நான் எப்படித் துருவிக் கேட்க முடியும்?

நீங்க கேட்ட பக்கம் உள்ளே இருக்கு. ஒட்டினது அவரே. நான் தொடலை. "எங்க உம்மா கொஞ்சம் கண்டிப்பு, பாசமா நாலு வரி எழுதுங்க"ன்னு மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரம் எழுதினார். என்ன எழுதினீங்கன்னு கேட்டேன், சிரிச்சார். "தாயைப் பற்றி ஒரு தாய் கேட்டிருக்கார், உனக்கென்ன"ன்னார்.

உம்மா, அவர் எழுத்தில் ஏதாவது விட்டுப்போயிருந்தா பெரிசா எடுத்துக்காதீங்க. சில விஷயங்களை அவங்க குடும்பத்தில் எழுத மாட்டாங்க. கூச்சம்.

நஸீஹா வளையல் வாங்கப் போயிருக்கா. மனசைக் குளிரவைங்க.

முஆத்

ஃபஹாஹீல்
23 ஜூலை 2006

முஆத்,

முதலில் யூசுஃப் எழுதியது. நீ படிக்கவில்லை என்பதால் தமிழில் தருகிறேன்.

"என் அம்மா பெயர் நோரா. லிமரிக் நகரில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை செய்தார். அப்பா ரொட்டி வண்டி ஓட்டினார். நான் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். மருத்துவமனை கழித்துப்போட்ட விரிப்புகளை வெட்டி அம்மா எங்களுக்குச் சட்டை தைப்பார். என் முதுகில் வார்டு எண் இருக்கும். பையன்கள் என்னை 'வார்டு ஏழு' என்று கூப்பிடுவார்கள். அம்மா ஒருநாள் பள்ளிக்கு வந்து, அந்தப் பையன்கள் எல்லோருக்கும் அதே துணியில் கைக்குட்டை தைத்துக் கொடுத்தார். பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. நான் முஸ்லிமானபோது இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது மாதம், பன்றி இறைச்சி சேர்க்காமல் சூப் வைக்கக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினார். நான் கிரேன்களைப் பழுது பார்க்கிறேன். உங்கள் மகள் என்னைவிட அதிகம் படித்தவர். உங்களிடம் மறைப்பதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை."

இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தவில்லை.

இந்தக் காகிதத்தில் பிரபு இல்லை, மாளிகை இல்லை, ஏரி இல்லை. கூச்சத்தால் மறைப்பவர் தன் முதுகில் இருந்த வார்டு எண்ணை எழுத மாட்டார். ஆர்ட்கீல் என்ற பெயரே அவருக்குத் தெரியாது. நான் இரண்டு மாதமாகச் சந்தேகப்பட்டது தவறான ஆளை.

இனி அந்தப் பெண் குழந்தை. கேள், முஆத். 1972. உனக்கு ஏழு வயது, தட்டம்மை போட்டிருந்தது. வேப்பிலையால் வருடிக்கொண்டே மதர் வீட்டுக் கதையைச் சொன்னேன். ஜெரால்டு மூழ்கிப்போனார் என்றதும் நீ எழுந்து உட்கார்ந்து அழுதாய். "அப்ப அந்த வூட்டுக்கு யாருமே இல்லையா உம்மா? வூடு தனியாவா இருக்கும்?" ஜுரம் நூற்று மூன்று. அழுகை நிற்கவில்லை. அப்போது நான், படகில் ஒரு பாப்பா இருந்தது என்றேன். சால்வை முள்மரத்தில் மாட்டிக்கொண்டது என்றேன். மீன்காரர் எடுத்து வளர்த்தார் என்றேன். நீ தூங்கிப்போனாய். இதில் ஒரு சொல்லையும் மதர் சொன்னதில்லை. முழுவதும் நான் கட்டியது. உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. நஸீஹா அப்போது பிறக்கவே இல்லை.

யூசுஃபின் தாய் சொல்லி அழுத கதையா இது?

அந்தக் குழந்தையை நான் ஏன் பெண் என்றேன் தெரியுமா? நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். என் உம்மாவின் வீடு எனக்கு வந்தது, என்னிடமிருந்து பாஹிமாவுக்குப் போனது. வீட்டுக்கு வாரிசு என்றதும் யோசிக்காமலே என் வாயில் பெண்தான் வந்தது. அந்தப் பட்டம் பெண் வழியாக ஒருநாளும் போகாது என்று பாடம் கேட்டவள் நான். ஒரு மழை நாளில் மதர் கரும்பலகையில் ஆறு பெயர்களையும் எழுதிக் காட்டியபோது நான் எழுந்து, "மதர், நீங்கள் இருந்தீர்களே, வீடு உங்களுக்குத்தானே?" என்று கேட்டேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் ஊரில் பிறந்திருந்தால் நான் இந்த வகுப்பில் நின்றிருக்க மாட்டேன், ஃபிர்தௌஸ்" என்றார். அப்படியும் உனக்குக் கதை கட்டும்போது எனக்கு உறைக்கவில்லை.

ஓர் அயர்லாந்துக்காரர் இந்தப் பொய்யைக் கட்டியிருந்தால் படகில் ஆண் பிள்ளையைத்தான் ஏற்றியிருப்பார். பெண் பிள்ளையை ஏற்றி, அவள் மகள், மகளின் மகன் என்று "நேர் வழி, சுத்தமான வழி" எழுத நம் ஊர்க்காரனால்தான் முடியும். அன்று நான் செய்த பிழையை அப்படியே டைப் செய்து என்னிடமே அனுப்பியிருக்கிறாய்.

ஏன் செய்தாய்? ஒரு காரணத்துக்கு மேல் எழுதாதே. யூசுஃபிடமும் நஸீஹாவிடமும் நீயே போய்ச் சொல். நான் சொல்வதற்கு முன்னால் சொல்.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்

ஜெபல் அலி
6 ஆகஸ்ட் 2006

உம்மா,

கையால்தான் எழுதுறேன். வரி சரியுதான்னு பார்த்துக்குங்க.

ஒரு காரணம் கேட்டீங்க. பன்னிரண்டாவது ஆளையும் நீங்க திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பயந்தேன். கிரேன் மெக்கானிக், ரொட்டி வண்டிக்காரர் மகன்னு சொல்லியிருந்தா படத்துக்குக் கண்ணாடிகூட எடுத்திருக்க மாட்டீங்க. இந்த உலகத்தில் நீங்க தலைகுனியிற ஒரே வீடு மதர் வீடு. அதைத் தூக்கி அவர் தலையில் வச்சேன்.

ஆனா உம்மா, அந்தப் பாப்பா பொய்யா? முப்பத்துநாலு வருஷமா நான் அதை நம்பிக்கிட்டிருந்தேன். யூசுஃப் அயர்லாந்துன்னு சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வியே, ஆர்ட்கீல் ஏரி தெரியுமான்னுதான். தெரியாதுன்னார். அந்தக் குழந்தையோட வாரிசுகள் எங்கேயோ இருக்காங்க, அது இவரா இருந்தா என்னன்னு நினைச்சேன். அவரை அதில் ஒட்டவச்சது மட்டும்தான் என் பொய்னு நினைச்சேன். உங்க கடிதத்தைப் படிச்சிட்டு லாரி ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். லாரி டிரைவர் கார்மேகம் அண்ணன் டீ கொண்டுவந்து, "வீட்ல யாரும் மவுத்தாயிட்டாங்களா?"ன்னு கேட்டார்.

இரண்டு பேரையும் உட்காரவச்சுச் சொல்லிட்டேன். யூசுஃப் முதலில் சிரிச்சார். "நானா பிரபு? அம்மாவுக்கு போன் பண்றேன், சலவைக்கூடமே கொண்டாடும்"னார். அப்புறம் நஸீஹா முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டார்.

நஸீஹா என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "காக்கா, எல்லாக் கடிதத்தையும் கொண்டா"ன்னா. கொடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சா. முடிச்சதும் கேட்டா. "உம்மா இவ்வளவு விசாரிச்சது இவருக்கா, பட்டத்துக்கா? பட்டம் இல்லேன்னா முதல் கடிதத்திலேயே முடிச்சிருப்பாங்கதானே? இதை மட்டும் கேட்டு எழுது. உம்மா நேராக் கேட்டா மழுப்ப மாட்டாங்க."

நான் சமாதானம் சொல்லப் போனேன். "கலாஸ், முடிஞ்சுது காக்கா. செப்டம்பர் பதினஞ்சு மாறாது. நீ பொறுப்பா நில்லு, போதும். உம்மா சரி சொல்றதுக்கு நான் இனிமே காத்திருக்கலை"ன்னா. மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்குப் போயிட்டா. உங்க போனை எடுக்கலைன்னு பாஹிமா லாத்தா சொன்னா. என் போனையும் எடுக்கல.

என்னை மன்னிக்கச் சொல்லி இப்ப கேட்கலை. அவ கேள்விக்குப் பதில் எழுதுங்க.

முஆத்

ஃபஹாஹீல்
17 ஆகஸ்ட் 2006

முஆத்,

வரி சரியவில்லை.

நஸீஹாவின் கேள்விக்குப் பதில்: ஆம். முதல் கடிதத்திலேயே முடித்திருப்பேன். கடிதம்கூட எழுதியிருக்க மாட்டேன். பாஹிமாவை விட்டுச் சொல்லியிருப்பேன். படத்தைப் பார்த்திருக்க மாட்டேன். யூசுஃபின் தாயைப் பற்றி ஒரு பக்கம் எனக்கு வந்திருக்காது, வந்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன். இதை அவளிடம் ஒரு சொல் குறைக்காமல் காட்டு.

நீ ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டாய். நான் கேள்விமேல் கேள்வி கேட்டது உன் பொய்யைப் பிடிக்க என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பொய் என்று நம்பியவள் ஆபிதாவிடம் போய்ச் சொல்லியிருக்க மாட்டாள். அது எப்படியாவது உண்மையாகிவிடாதா என்றுதான் துருவினேன். மதர் வீட்டு வாரிசு என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருவதை மூன்று வாரம் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு பேரைத் திருப்பி அனுப்பியதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அந்தப் பதினோரு பேரில் நான்கு பேரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. நஸீஹாவுக்கு நினைவிருக்கும்.

நேற்று ஆபிதா வீட்டுக்குப் போனேன். குர்ஆன் ஓதல் முடிந்து பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், பதினான்கு பேர். என் மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ், மாப்பிள்ளை பிரபு இல்லை, நான் முன்பு சொன்னது தவறு என்று சொன்னேன். தகப்பன் ரொட்டி வண்டி ஓட்டியவர், தாய் ஆஸ்பத்திரியில் துணி வெளுத்தவர் என்றும் சொன்னேன்.

ஆபிதா விடுவாளா? "என்ன லாத்தா, பிரபுன்னு சொல்லிச் சொல்லி எங்க காதைத் தேச்சீங்க, இப்ப ரொட்டி வண்டிங்கிறீங்க? ஈத் அன்னைக்குச் சூடா இறக்குவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். "வண்டி ஓட்டியது தகப்பன், ஆபிதா. மாப்பிள்ளை கிரேன் பழுது பார்க்கிறார். பேசுவதானால் சரியாகப் பேசு" என்றேன். டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மாடிப்படி இறங்கும்போது பாஹிமா என் கையைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்றேன். இரண்டாவது படியில் நானே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

யூசுஃபின் தாய்க்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். தபாலில் சேர்த்தாயிற்று. அதில் என்ன இருக்கிறது என்று உன்னிடம் சொல்வதாக இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. துபாய் வர எனக்கு விசா வேண்டும். அங்கிருந்து யாராவது தன் பொறுப்பில் கூப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். என் பாஸ்போர்ட் நகலையும் விசாப் படிவத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீ எழுதிக் கொடுக்காதே. நீ கூப்பிட்டால் நான் உன் விருந்தாளியாக வந்து, அவள் கல்யாணத்தில் உன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது வேண்டாம். நஸீஹாவால் தன் ஆஸ்பத்திரி மூலமாக எழுதிக் கொடுக்க முடியும் என்று கலீலுர் ரஹ்மானை விசாரிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இரண்டையும் அவளிடம் கொடு. எனக்காகப் பரிந்து பேசாதே, என் உடம்பு சரியில்லை என்று கதை கட்டாதே. என் உடம்பு நன்றாக இருக்கிறது. "உம்மா வரலாமான்னு கேக்குறாங்க" என்று மட்டும் சொல். முதல் வரனிலிருந்து அவள் என் சம்மதத்துக்கு ஆறு வருடம் காத்திருந்தாள். பதினைந்தாம் தேதிவரை நான் காத்திருக்கிறேன்.

படிவத்தில் வருகையின் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் அவளுக்காக நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்